பின்னிருக்கையை விற்றவர்கள்

2025 ஜூன் 14ஆம் தேதி இரவு, விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் எஃப்-35பி போர் விமானம் ஒன்று, வானிலை மோசமாகி எரிபொருளும் குறைந்ததால் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இறங்கியது. அடுத்து ஹைட்ராலிக் கோளாறு கண்டது. ஜூலை 22 வரை அது கிளம்பவில்லை. மழைக்காலத்தில் ஐந்து வாரம் அங்கேயே கிடந்த அந்த விமானத்தைக் கேரளச் சுற்றுலாத் துறை தன் விளம்பரத்துக்கே எடுத்துக்கொண்டது; வந்தவருக்குத் திரும்பிப் போக மனம் வராத ஊர் என்று கேலி. அதன் விலையைப் பற்றியும், அது எத்தனை ரகசியமான கருவி என்பதைப் பற்றியும் பலர் எழுதினார்கள். அதில் இருப்பது ஒரே இருக்கை என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விமானங்களின் வரலாற்றைப் பார்த்தால் அதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. போர் முடிந்த பிறகு போர் விமானத்துக்கு இரண்டு வழிகள்தான்: அருங்காட்சியகம், இல்லாவிட்டால் காயலான் கடை. மூன்றாவது வழி ஒன்று அவ்வப்போது திறந்தது என்றால், அது விமானியோடு இன்னொருவர் உட்கார இடமிருந்த விமானங்களுக்கே திறந்தது. அந்த இடத்துக்குக் காசு கொடுத்து ஏறிய பயணிதான் அவற்றை வாழவைத்தார். இங்கிலாந்தின் குட்வுட், பிகின் ஹில், டக்ஸ்ஃபோர்டு என்ற பழைய போர்க்காலத் தளங்களில் இன்று இரட்டை இருக்கை ஸ்பிட்ஃபயர்களில் பயணிகள் சில ஆயிரம் பவுண்டு கட்டி அரை மணி நேரம்போலப் பறந்துவிட்டு வருகிறார்கள். பணக்காரர்களின் பழமை ஏக்கம் என்று அதை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் விமானத் துறையின் மிகப் பழைய தொழில்களில் அது ஒன்று. திருவனந்தபுரத்துக்கு முதல் விமானத்தை ஓட்டி வந்தவர் அந்தத் தொழிலிலிருந்து வந்தவர்.

முதல் உலகப்போர் முடிந்தபோது பிரிட்டனிடம் ஆயிரக்கணக்கில் விமானங்கள் மிஞ்சின. விற்றால் புது விமானத் தொழிற்சாலைகள் மூடிக்கொள்ளும்; வைத்திருந்தால் செலவு. ஆகவே பேரரசின் நாடுகளுக்கு இலவசமாகக் கொடுத்துவிட முடிவு செய்தார்கள். இந்தியாவின் பங்கு 100 விமானங்கள்: 60 டி.எச்.9, 40 ஆவ்ரோ 504. டி.எச்.9 பகல்நேரக் குண்டுவீச்சு விமானம். முன்னால் விமானி, பின்னால் இயந்திரத் துப்பாக்கியோடு இன்னொருவர். போர் 1918இல் முடிந்ததும் பின்னிருக்கைக்காரருக்கு வேலை போய்விட்டது. இருக்கை மட்டும் அப்படியே இருந்தது. 100 விமானங்கள் சும்மா வந்தும் இந்தியாவில் அவற்றிலிருந்து நிலைத்த பயணச் சேவை எதுவும் முளைக்கவில்லை. பிகானேர் சமஸ்தானத்துக்குப் போன டி.எச்.9களின் கதையே போதும். ஜூனாகட் கோட்டையின் யானைக் கொட்டடியில் அவற்றின் உடற்பகுதிகள் பல பத்தாண்டுகள் கரையான் அரிக்கக் கிடந்தன. 2000 வாக்கில் பிரிட்டிஷ் மீட்பாளர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். ஒன்று டக்ஸ்ஃபோர்டில் காட்சிப்பொருளாக நிற்கிறது. மற்றொன்று 2019 மே மாதம் அதே டக்ஸ்ஃபோர்டிலிருந்து எழும்பிப் பறந்தது. உலகில் பறக்கும் நிலையில் உள்ள ஒரே டி.எச்.9 அதுதான் என்கிறார்கள். யானைக் கொட்டடியில் விட்டிருந்தால் அதுவும் மண்ணாகியிருக்கும்.

அதே டி.எச்.9 வகையை வைத்து வேறொருவர் செய்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நெவில் வின்சென்ட் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். பிரிட்டிஷ் விமானப்படையில் மேற்காசியாவில் பறந்து, வீரத்துக்கான பதக்கம் பெற்று, 1920களின் நடுவில் படையை விட்டு வெளியே வந்தவர். நியூவால் என்ற இன்னொரு விமானியோடு சேர்ந்து, அந்தப் பத்தாண்டின் கடைசியில் இரண்டு டி.எச்.9களை இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு ஓட்டி வந்தார். ஊர் ஊராகப் போவது, மைதானத்தில் இறங்குவது, காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றி ஒரு வட்டம் அடித்து இறக்குவது, இதுதான் தொழில். சர்க்கஸ்காரர் பிழைப்பு என்று அன்றைய அதிகாரிகள் முகம் சுளித்திருந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் அந்தச் சுற்றில் வின்சென்ட் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டார். இந்தியாவில் எங்கெல்லாம் இறங்க முடியும், பருவமழை எந்தப் பாதையை எத்தனை நாள் அடைக்கும், விமானத்தில் ஏற இந்தியர்கள் பயப்படுவார்களா மாட்டார்களா. இவற்றை எந்த அரசு அறிக்கையும் அவருக்குச் சொல்லியிருக்க முடியாது. 1929இல் அவர் ஜே.ஆர்.டி. டாட்டாவிடம் கொண்டுபோன திட்டம் இந்த அறிவிலிருந்து பிறந்தது: லண்டனிலிருந்து கராச்சி வரை வரும் இம்பீரியல் ஏர்வேஸ் தபாலை அங்கிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்குக் கொண்டுபோவது. டாட்டா குழுமம் 2 லட்சம் ரூபாய் போட்டது. அரசு மானியம் தர மறுத்தது; தபாலின் எடைக்கேற்பக் கூலி மட்டும். 1932 அக்டோபர் 15ஆம் தேதி கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஜே.ஆர்.டி. ஓட்டினார், பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு ஓட்டியவர் வின்சென்ட்.

இங்கே ஒரு மறுப்பு நியாயமாக எழும். இலவச விமானங்கள் வீணானதற்குக் காரணம் பயணி இல்லாமை அல்ல, அரசின் அலட்சியம். பராமரிக்கப் பணமும் பழுதுபார்க்க ஆளும் கொடுத்திருந்தால் அவையும் பறந்திருக்கும் என்று சொல்லலாம். ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் அதே கொடையை வைத்துத் தங்கள் விமானப்படைகளையே தொடங்கின என்பதும் உண்மை. ஆனால் அலட்சியம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். வின்சென்ட்டுக்கும் டாட்டாவுக்கும் அதே அரசுதான் மானியம் மறுத்தது. வேறுபாடு விமானத்தின் வரவு எங்கிருந்து வந்தது என்பதில் இருக்கிறது. கொடையாக வந்தது, கொடுத்தவரின் கவனம் விலகியதும் நின்றது. மைதானத்தில் இருக்கை விற்றவருக்கோ எஞ்சின் கெட்டால் அன்றைய வரும்படி போயிற்று. ஆகவே எஞ்சின் கெடவிடவில்லை.

திருவனந்தபுரத்துக்கு விமானம் வந்த கதை இந்தத் தொடரில்தான் பொருந்துகிறது. பூஞ்சார் அரச குடும்பத்தில் பிறந்து, திருவிதாங்கூர் இளவரசி கார்த்திகைத் திருநாள் லட்சுமி பாயை மணந்த கோதவர்ம ராஜா விமானம் ஓட்டக் கற்றவர். பிற்காலத்தில் கேரளம் அவரைக் கோவளத்தின் பெயரோடும் விளையாட்டு மைதானங்களோடும் சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டது. 1971இல் குலு பள்ளத்தாக்கில் விமான விபத்தில் இறந்தார் என்பதும் பலருக்குத் தெரியும். சங்குமுகம் கடற்கரையை ஒட்டி 1932இல் பறத்தல் கழகமாகத் தொடங்கியதே இன்றைய விமான நிலையம், தொடங்கிவைத்தவர் அவர். சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆதரவோடு டாட்டா ஏர்லைன்ஸ் அங்கே தன் விமானத்தை அனுப்பியது 1935இல். ஓட்டி வந்தவர் அதே வின்சென்ட். விமானம் டி.எச்.83 ஃபாக்ஸ் மாத். இது விசித்திரமான அமைப்பு: பயணிகள் இரு இறக்கைகளுக்கும் நடுவே, முன்னால், மூடிய சின்ன அறைக்குள், விமானி அவர்களுக்குப் பின்னால் திறந்த வெளியில், காற்றிலும் மழையிலும். போர்க்கால டி.எச்.9இல் இருந்த வரிசை தலைகீழாகிவிட்டது; வசதி பயணிக்கு, வெயில் விமானிக்கு. அன்று அந்த அறைக்குள் வந்தவர்களில் ஒருவர் பம்பாயில் திருவிதாங்கூரின் வணிக முகவராக இருந்த காஞ்சி துவாரகாதாஸ். மகாராஜாவின் பிறந்தநாளுக்கு வைஸ்ராய் வில்லிங்டன் அனுப்பிய வாழ்த்தும் அந்த விமானத்தில் வந்தது. நவம்பர் 1ஆம் தேதி சமஸ்தானத்தின் அஞ்சலைச் சுமந்துகொண்டு அது பம்பாய்க்குத் திரும்பியது. நாகர்கோவிலும் தோவாளையும் அன்று அதே சமஸ்தானத்துக்குள்தான். நாஞ்சில் நாட்டுக்காரருக்கு இன்றும் பக்கத்து விமான நிலையம் இதுவே.

ஃபாக்ஸ் மாத் போர் விமானம் அல்லவே, தபால்தானே முதல் வரும்படி, பயணி ஒரு துணைப்பொருள்தானே என்று கேட்கலாம். கேள்வி சரி. ஃபாக்ஸ் மாத் 1932இல் வடிவமைக்கப்பட்ட சிவிலியன் விமானம். ஆனாலும் அதை ஓட்டியவரின் கை போரில் பழகிய கை. அதை ஓட்டலாம் என்ற துணிச்சல் டி.எச்.9இன் பின்னிருக்கையை விற்று வந்த அனுபவம். தபால் பாதையை நிலைநிறுத்தியது. அந்தப் பாதை சாத்தியம் என்று காட்டியது உல்லாசப் பறத்தல். வின்சென்ட்டின் முடிவும் இந்தக் கதையின் இன்னொரு முகம். 1942இல் பிரிட்டனிலிருந்து இந்தியாவுக்குத் திரும்பும்போது அவர் பயணியாக ஏறியது ஹட்சன் குண்டுவீச்சு விமானத்தில். ஹட்சன் என்பதே லாக்ஹீட் நிறுவனத்தின் பயணி விமானம் ஒன்றைக் குண்டுவீசுவதற்காக மாற்றியது. அவர் ஊர் வந்து சேரவில்லை.

இரண்டாம் உலகப்போர் இந்தக் கொடுக்கல் வாங்கலை நூறு மடங்கு பெரிதாக்கியது. டக்ளஸ் டகோட்டா போரில் படைவீரர்களையும் பாராசூட்காரர்களையும் சரக்கையும் சுமந்த விமானம். 1945க்குப் பிறகு உபரியாகக் கிடந்தவை மலிவு விலைக்கு வந்தன. இந்தியாவில் கம்பெனி மேல் கம்பெனியாக முளைத்தது அவற்றை நம்பித்தான். 1953இல் எட்டு நிறுவனங்களை இணைத்து இந்தியன் ஏர்லைன்ஸ் உருவானபோது கைக்கு வந்த 99 விமானங்களில் 74 இந்த வகை. கடலுக்கு அக்கரையில் இலங்கையிலும் இதேதான். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது போர் விமானங்கள் எழும்பிய ரத்மலானையிலிருந்துதான் 1947 டிசம்பரில் ஏர் சிலோன் தன் டகோட்டாவை யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்கு அனுப்பியது. யாழ்ப்பாணத்துப் பலாலி ஓடுபாதையே போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை போட்டது. ஒரு தலைமுறைத் தென்னிந்தியரும் ஈழத்தவரும் முதன்முதலில் ஏறிய விமானம் பெரும்பாலும் படைக்காகக் கட்டப்பட்ட விமானமே. அதை யாரும் பழம்பொருள் என்று நினைக்கவில்லை, அது பஸ்.

சுமக்கும் விமானத்துக்கு இப்படி வாழ்வு கிடைத்ததென்றால், சுடும் விமானத்துக்கு அது எளிதாக இல்லை. ஸ்பிட்ஃபயர் ஒற்றை ஆள் விமானம். போருக்குப் பிறகு பயிற்சிக்காக விக்கர்ஸ் நிறுவனம் பின்னால் இரண்டாவது விமானி அறையைச் சேர்த்து ஒரு சில மட்டும் செய்தது. அவற்றில் அதிகம் வாங்கியது இந்தியா, 10 விமானங்கள், அயர்லாந்து 6. இன்று பிகின் ஹில்லிலும் டக்ஸ்ஃபோர்டிலும் பயணியை ஏற்றும் இரட்டை இருக்கை ஸ்பிட்ஃபயர்களில் பல அயர்லாந்து வாங்கிய அந்த ஆறிலிருந்து வந்தவை. இந்தியாவின் பத்து உழைத்து ஓய்ந்தன. நம் நாட்டில் எந்தத் தளத்திலும் ஸ்பிட்ஃபயர் ஒன்றில் பயணி டிக்கெட் வாங்கி ஏற வழியில்லை. நம்மிடம் கைத்திறன் இல்லை என்றால் அதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் கான்பூரில் நேச நாட்டுப் படைகள் மறுபடி யாரும் பயன்படுத்தக் கூடாதென்று சிதைத்துவிட்டுப் போன லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை பெங்களூர் எச்.ஏ.எல். தொழிலாளிகள் தேற்றி எடுத்தார்கள். 40க்கு மேற்பட்டவை படைக்குத் திரும்பின. 1968 வரை பறந்தன. உலகில் கடைசியாக லிபரேட்டரை ஓட்டிய படை நம்முடையது. அவற்றில் ஒன்று பிரிட்டிஷ் வியாபாரி ஒருவர் வழியாக அமெரிக்காவின் காலிங்ஸ் ஃபவுண்டேஷன் கைக்குப் போய், 1989இல் மறுபடி பறந்து, அங்கே காசு கொடுத்தவர்களை ஏற்றிக்கொண்டு நாடு முழுக்கச் சுற்றியது. பெங்களூர் ஜாலஹள்ளியில் பயிற்சி மாணவர்கள் பிரித்துப் பூட்டக் கிடந்த ஸ்பிட்ஃபயர் ஒன்று இதேபோலத்தான் இங்கிலாந்துக்குப் போய்ப் பறந்தது. நாம் காப்பாற்றினோம், பறக்கவைக்கும் செலவை ஏற்றது வேறு ஊர்ப் பயணியின் பை.

இந்த வாதத்துக்கு எதிரான மிகக் கனமான மறுப்பு உயிரைப் பற்றியது. 2018 ஆகஸ்ட் 4ஆம் தேதி, சுவிட்சர்லாந்தில் பழைய ராணுவத் தளமான டூபென்டோர்ஃபைத் தலைமையிடமாகக் கொண்டு சுற்றுலாப் பறத்தல் நடத்திவந்த நிறுவனத்தின் யுங்கர்ஸ் ஜூ-52 ஒன்று மலையில் விழுந்தது. 1939இல் கட்டிய விமானம், 20 பேரும் இறந்தார்கள். 2019 அக்டோபர் 2ஆம் தேதி மேலே சொன்ன காலிங்ஸ் அமைப்பின் பி-17 கனெக்டிகட்டில் விழுந்து 7 பேர் இறந்தார்கள். அமெரிக்க விமானத் துறை அந்த அமைப்புக்கான பயணி அனுமதியை 2020இல் பறித்தது. இரண்டு விசாரணைகளிலும் விமானத்தின் வயதை மட்டும் குற்றம் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சுவிஸ் விபத்தில் பள்ளத்தாக்குக்குள் தாழ்வாக ஓட்டிய அபாயமான பழக்கம். இரண்டிலுமே பராமரிப்புக் குறைகள். டிக்கெட் காசு எஞ்சினைக் கெடவிடாது என்று மேலே சொன்னதற்கு இது நேரடியான அடி. அதை நான் மறுக்கவில்லை. வரும்படி பராமரிப்பைத் தூண்டும். அதே வரும்படி பராமரிப்பை ஒத்திப்போடவும் தூண்டும். 1920களின் மைதானங்களில் இரண்டும் நடந்தன. பிரிட்டன் இதற்குக் கண்ட வழி வெளிப்படைத்தன்மை. 2010களின் நடுவில் அங்கே வந்த விதிப்படி, இந்த விமானம் வழக்கமான பயணி விமானத்தின் பாதுகாப்புத் தரத்தில் இல்லை என்பதை நடத்துபவர் எழுத்தில் சொல்ல வேண்டும். தெரிந்துகொண்டேன், ஒப்புக்கொள்கிறேன் என்று பயணி கையெழுத்திட வேண்டும். நடத்துபவரின் பராமரிப்பு முறையைத் துறை தனியாகச் சோதிக்கும். விபத்தே வராது என்று இதற்குப் பொருளில்லை. ஏறுபவர் எதில் ஏறுகிறோம் என்று தெரிந்து ஏறுகிறார், அவ்வளவுதான்.

இன்னொரு மறுப்பு நம் பக்கத்திலிருந்து வரும்: ஸ்பிட்ஃபயர் ஏகாதிபத்தியத்தின் ஆயுதம், அதன் பெருமையை நாம் ஏன் சுமக்க வேண்டும்? கணக்குப் புத்தகம் வேறு கதை சொல்கிறது. பயணிகள் இன்று ஏறும் குட்வுட் போர்க்காலத்தில் வெஸ்ட்ஹாம்ப்நெட் என்ற பெயரில் இருந்தது. 1941இல் அங்கே ஸ்பிட்ஃபயர்களோடு தங்கியிருந்த 129ஆம் படையணியின் பெயர் 'மைசூர்'. பிகின் ஹில்லில் இருந்த 124ஆம் படையணி 'பரோடா'. 79, 234, 264 ஆகிய மூன்றும் 'மெட்ராஸ் பிரசிடென்சி'. இந்தப் பெயர்கள் அலங்காரம் அல்ல. இங்கே திரட்டிய பணத்துக்கு அங்கே கொடுத்த ரசீது. திரட்டியதில் எவ்வளவு மனமுவந்தது, எவ்வளவு தாசில்தாரின் நெருக்குதல் என்பது தனிக் கட்டுரைக்குரிய விஷயம், அதில் எனக்கு நல்லெண்ணம் குறைவு. ஆனால் பணம் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த விமானத்தை அந்நியன் பொருள் என்று தள்ளிவிட்டால் கணக்கு இன்னொரு முறை ஏமாற்றப்படும். 1947இல் காஷ்மீரில் நம் படைக்காகச் சுட்டதும் ஸ்பிட்ஃபயர்தான்.

இந்திய விமானப்படையிடம் இப்போது பறக்கும் நிலையில் ஒரு டகோட்டா உண்டு. காயலான் விலைக்குக் கிடைத்ததை வாங்கிச் செப்பனிட்டுக் கொடுத்தவர் ராஜீவ் சந்திரசேகர். அவருடைய தந்தை, கேரளத்தவர், படையில் டகோட்டா ஓட்டியவர். 2018இல் அது பறந்தே இந்தியா வந்தது. 'பரசுராமா' என்று பெயர். மழுவெறிந்து கேரளத்தை மீட்டவரின் பெயரை வைத்துக்கொண்டு அது அணிவகுப்புகளில் பறக்கிறது. பொதுமக்கள் கீழிருந்து அண்ணாந்து பார்க்கிறார்கள். நூறு ஆண்டுக்கு முந்தைய டி.எச்.9களைப் போல அதுவும் ஒரு கொடை, அதன் செலவும் கொடையாளர் அல்லது படையின் பட்ஜெட்டைப் பொறுத்தது. அதில் பயணிகளை ஏற்றித் திருவனந்தபுரத்திலிருந்து பறக்கவிடலாம். டகோட்டாவின் வடிவமே பயணியைச் சுமக்கப் பிறந்தது; திருவனந்தபுரத்தில் விமானப்படையின் தென் மண்டலத் தலைமையகமே 1984 முதல் இருக்கிறது. பரபரப்பான சர்வதேச நிலையத்தில் இதற்கெல்லாம் நேரமேது என்று கேட்பவர்கள், பத்மநாபசுவாமி ஆராட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் போவதற்காக அந்த நிலையம் ஆண்டுக்கு இரண்டு முறை பல மணி நேரம் விமானங்களை நிறுத்தி வைப்பதை நினைத்துப் பார்க்கலாம். ராணுவச் சின்னம் தாங்கிய பழைய விமானத்தில் பொதுமக்கள் எந்த நிபந்தனையில் ஏறலாம், விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது, கிடைக்கும் கட்டணம் பராமரிப்புக்கே போகும் என்பதை யார் உறுதி செய்வது என்று பிரிட்டன் தனக்கு எழுதிக்கொண்டதைப்போல ஒரு விதி இங்கே எழுதப்பட வேண்டும். எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் வேலை பெங்களூருக்கு 1940களிலேயே தெரியும்.